வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒரு தையல்காரர் மகன் எழுதுவது

என் தங்கை மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம், பத்தாவது மாடி. சேர இரண்டு வாரம் இருக்கும்போது, "மாமா, என்னென்ன வாங்க வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். கையில் ஒரு பட்டியல். ஆறு சட்டை, நான்கு பேன்ட், கைக்கடிகாரம், தோல் பை, இரண்டு சென்ட் பாட்டில். கூட்டிப் பார்த்தால் 20,000 ரூபாயைத் தாண்டியது. முதல் சம்பளம் கைக்கு வருவதற்குள் கடன்! பட்டியலில் பாதியை அடித்தேன். மீதிக்கு அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இதைச் சொல்ல உமக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். திண்டுக்கல்லில் என் அப்பா தையல்காரர். பள்ளி விடுமுறை நாட்களில் அவருடைய கடையில் நான்தான் காஜாப் பையன். பட்டன் துளையைச் சுற்றித் தைக்கிற காஜா எடுத்து, பட்டன் தைத்து, சட்டையை மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பது வரை என் வேலை. பிறகு, அப்போது வங்கிகளுக்கு ஆள் எடுத்த பி.எஸ்.ஆர்.பி. வாரியத்தின் தேர்வு எழுதி, 1987 முதல் 2025 வரை வங்கியில் இருந்தேன். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களையும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களையும் 38 ஆண்டுகள் பார்த்தாயிற்று.

சட்டை

ஒட்டன்சத்திரத்தில் எனக்கு முதல் வேலை. தினமும் திண்டுக்கல்லிலிருந்து பஸ். அப்பா ஆசையாக மூன்று சட்டைகள் தைத்துக் கொடுத்தார். "வேலைக்குப் போனால் பிள்ளை உடம்பு போடுவான்" என்று எல்லாப் பக்கமும் தாராளமாக விட்டுத் தைத்திருந்தார். தோள் தையல் புஜத்துக்கு இறங்கி நின்றது. மூன்றாம் நாள் மேலாளர் சிரித்துக்கொண்டே, "அண்ணன் சட்டையா தம்பி?" என்று கேட்டார். எனக்கு அண்ணனே கிடையாது.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அப்பா பதில் பேசவில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் மூன்று சட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கடையைத் திறந்தார். கையைப் பிரித்து, தோளை வெட்டிக் குறைத்து, மறுபடியும் கையை ஏற்றினார். இரவு ஒரு மணி வரை மிஷின் ஓடியது. மறுநாள் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் மேலாளர் முதன்முறையாக ஒரு பேரேட்டை என்னிடம் தந்து கூட்டிப் பார்க்கச் சொன்னார். சட்டைக்கும் பேரேட்டுக்கும் சம்பந்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்தது என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே, விலையைப் பார்ப்பதற்கு முன்னால் தோளைப் பாருங்கள். சட்டையின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். ஆயத்தச் சட்டை வாங்கினால் இது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இடுப்பும் பக்கமும் தொளதொளவென்று இருந்தால் எந்தத் தையல்காரரும் அரை மணியில் பிடித்துக் கொடுத்துவிடுவார். தோளைக் குறைப்பது சட்டையைப் பாதி பிரித்துத் தைக்கிற வேலை. கேட்டாலே முகம் சுளிப்பார்.

அடுத்து, காலர் பட்டனைப் போட்டபின் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முழுக்கைச் சட்டையானால் கைப்பட்டி மணிக்கட்டு எலும்பைத் தொட்டு நிற்க வேண்டும். கடைக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே சட்டையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்காருங்கள். அலுவலகத்தில் உட்காரத்தானே போகிறீர்கள்? உட்கார்ந்ததும் வயிற்றருகே இரண்டு பட்டன்களுக்கு நடுவே துணி வாய் பிளந்தால் அந்தச் சட்டை வேண்டாம். இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். சட்டை மொத்தமும் பேன்டிலிருந்து வெளியே வந்தால் உயரம் போதாது.

தைத்துப் போடுகிறவர்களுக்கு: 36 அங்குல அகலத் துணி என்றால் சராசரி உடம்புக்கு முழுக்கைக்கு இரண்டே கால் மீட்டர், அரைக்கைக்கு இரண்டு மீட்டர் கேட்கும். பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். சுருங்குவது துணியாக இருக்கும்போதே சுருங்கிக்கொள்ளட்டும். முதல் சலவையில் சட்டை தம்பிக்குப் போய்ச் சேர்ந்த கதைகள் எங்கள் கடையில் நிறைய உண்டு.

நிறத்துக்கு வருகிறேன். சென்னை வெயிலில் வெளிர் நீலமும் சாம்பலும் வியர்வையைக் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டும். வெள்ளையும் அடர் நீலமும் மறைத்துவிடும். பாலியெஸ்டர் கசங்காது, உண்மைதான். ஆனால் வியர்வை வாடையைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. பருத்தி, இல்லாவிட்டால் பருத்தி அதிகம் கலந்தது. தொடக்கத்துக்கு மூன்று சட்டை, இரண்டு பேன்ட் போதும். மருமகன் பட்டியலில் மற்ற மூன்று சட்டைகளை அடித்துவிட்டு, "மூன்றாம் மாதம் வாங்கிக்கொள்" என்றேன். அங்கே மற்றவர்கள் எப்படி உடுத்துகிறார்கள் என்று அதற்குள் கண்ணால் பார்த்திருப்பான் அல்லவா.

பட்டன்

இது என் சொந்தத் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயத்தச் சட்டைகளில் பட்டனை மிஷின் தைக்கிறது. பல சட்டைகளில் ஒரு நூல் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் பட்டன் கையோடு வந்துவிடும். அது நேர்காணல் அன்று காலையில்தான் வரும்.

புதுச் சட்டை வாங்கிய அன்றே எல்லாப் பட்டன்களையும் கையால் தைத்துவிடுங்கள். நூலை இரட்டையாகக் கோத்து முடிச்சுப் போடுங்கள். முடிச்சு துணியின் உட்பக்கம் இருக்க வேண்டும். பட்டனுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்து, அதன்மேல் நான்கு முறை தையுங்கள். பிறகு குச்சியை உருவிவிட்டு, பட்டனுக்கு அடியில் தளர்ந்து நிற்கிற நூலை மூன்று சுற்றுச் சுற்றி, ஊசியைக் கீழே இறக்கி முடிச்சுப் போடுங்கள். பட்டனுக்கு இப்போது ஒரு கால் கிடைத்துவிட்டது. மேல்துணி உட்கார அந்த இடைவெளி வேண்டும். பட்டனை ஒட்டத் தைத்தால் காஜா இழுபடும், சட்டையின் முன்பக்கம் சுருக்கம் விழும். முன்பக்கம் சுருங்கிய சட்டையை எந்த இஸ்திரியாலும் நிமிர்த்த முடியாது.

இஸ்திரி என்றதும் ஒன்று. துணி லேசாக ஈரமாக இருக்கும்போதே போடுங்கள். காலரை முனையிலிருந்து நடுவை நோக்கித் தேயுங்கள். நடுவிலிருந்து முனைக்குத் தேய்த்தால் சுருக்கமெல்லாம் முனையில் வந்து சேரும், உங்கள் எதிரில் இருப்பவர் பார்ப்பதும் அந்த முனையைத்தான். தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு இஸ்திரிப் பெட்டியைத் தேடுகிறவன் அலுவலகத்துக்குள் நுழையும்போதே பாதி தோற்றிருக்கிறான்.

மண்டிக்காரரின் இரண்டாவது சட்டை

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். எங்கள் கிளைக்கு வந்தவர்களிலேயே நேர்த்தியாக உடுத்தியவர்கள் கமிஷன் மண்டிக்காரர்கள்தாம். விடியும் முன்பிருந்து வெங்காய மூட்டைக்கும் தக்காளிப் பெட்டிக்கும் நடுவே நிற்கிறவர்கள், பத்து மணிக்கு வங்கிக்கு வரும்போது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு கறை இருக்காது. எப்படி என்று ஒரு பெரியவரிடம் கேட்டுவிட்டேன். மண்டியில் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் எப்போதும் ஒரு மாற்றுச் சட்டை தொங்குமாம். வங்கிக்கோ விருந்துக்கோ போகும் முன் மாற்றிக்கொள்வாராம்.

அன்றிலிருந்து என் மேசை இழுப்பறையில் ஒரு மடித்த சட்டை, ஒரு துண்டு, ஊசி நூல் மூன்றும் இருந்தன. பேனா மை கொட்டிய நாளிலும் மழையில் நனைந்த நாளிலும் சாம்பார் தெறித்த நாளிலும் அவை காப்பாற்றின. மருமகனுக்கும் இதைத்தான் சொன்னேன். தோல் பையை அடித்துவிட்டு அந்தக் காசில் ஒரு சட்டையை அலுவலகத்திலேயே வை.

வேட்டி கட்டிப் போகலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் போகலாம். சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாமல் போனதால், 2014இல் அப்படித் தடுக்கக் கூடாது என்று தமிழக சட்டமன்றம் சட்டமே இயற்றியது. 2019 ஜூனில் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவிலும் சட்டை, பேன்டோடு வேட்டியும் உண்டு. பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார். வேட்டி கட்டுகிறவர்கள் எட்டு முழமாகக் கட்டுங்கள், கரையைப் பாருங்கள். நம் ஊரில் கரையின் நிறமே கட்சியைச் சொல்லிவிடும். கவுண்ட்டரில் உட்காருகிறவருக்கு மெல்லிய பொன்னிறக் கரை ஒன்றே உத்தமம்.

பெண்கள் உடையைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. எங்கள் கிளையில் காசாளராக இருந்த அக்கா சொன்னதை மட்டும் சொல்கிறேன். சின்னாளப்பட்டிச் சுங்குடியைக் கஞ்சி போட்டுக் கட்டி வருவார், மாலைவரை மடிப்பு கலையாது. எதை உடுத்தினாலும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, குனிந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பார். நோட்டு எண்ணும் கையில் வளையல் சத்தம் கேட்கக் கூடாது என்று ஒற்றை வளையல்தான் போடுவார். புதுச் சேலையையும் புதுச் செருப்பையும் முக்கியமான நாளில் முதன்முறையாகப் போடவே மாட்டார். கடைசி விஷயத்தை ஆண்களும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

உடம்பும் காலும்

சென்ட் பாட்டில்களில் ஒன்றையும் நான் விட்டுவைக்கவில்லை. குளியலுக்குப் பதிலாகச் சென்ட் ஆகாது. ஏசி அறையில் பத்துப் பேர் பத்து வாசனையோடு உட்கார்ந்தால் தலைவலிதான் மிஞ்சும். பஸ்ஸிலும் ரயிலிலும் நசுங்கி வருகிறவர்கள் பத்து நிமிடம் முன்னதாக வந்து முகம் கழுவித் துடைத்துக்கொண்டு இருக்கையில் உட்காருங்கள். நகம் வெட்டுங்கள். தாடி வைப்பது உங்கள் விருப்பம். கழுத்தோரத்தில் கோடு திருத்தியிருந்தால் தாடி, இல்லாவிட்டால் சோம்பல். கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அந்தத் தாடியை நம் ஊரில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

தோல் ஷூ போடுகிறவர்கள் ஒரே ஜோடியைத் தினமும் போடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால்தான் உள்ளே வியர்வை காயும், ஷூவும் நீடிக்கும். இரண்டு ஜோடிக்குக் காசில்லாவிட்டால் ஒன்று ஷூ, ஒன்று முன்பக்கம் மூடிய நல்ல செருப்பு. மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

பெயர்

நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருகிற ஒரு சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டுக்கும் கம்ப்யூட்டர் படிவத்துக்கும் இனிஷியல் போதவில்லை, விரித்து எழுதச் சொல்கிறார்கள். கடைசிப் பெயர் கட்டத்தில் அப்பாவின் பெயர் போய் உட்கார்ந்துகொள்கிறது. சேரும் முன்பே ஒரு நாள் மருமகனுக்குப் பெங்களூரிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் மறுமுனையில் என் மச்சான் பெயரைச் சொல்லி, வணக்கம் சொல்கிறார்கள். இவனும் "அப்பா வெளியே போயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டான்.

இதற்கு முதல் நாளிலேயே வழி செய்ய வேண்டும். சான்றிதழ், ஆதார், பான் மூன்றிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேரும் முன்பே திருத்த மனுச் செய்யுங்கள், பிறகு சம்பளக் கணக்கிலும் வருங்கால வைப்பு நிதியிலும் அலைய வேண்டாம். மின்னஞ்சலின் அடியில் உங்களை அழைக்க வேண்டிய பெயரைத் தெளிவாகப் போடுங்கள். தவறாக அழைத்தால் முதல் முறையே சிரித்த முகத்தோடு திருத்துங்கள். ஆறு மாதம் கழித்துத் திருத்தினால் அவருக்கு வெட்கம், உங்களுக்கும் சங்கடம். "சிங்கக்குட்டி", "லவ்லி" என்றெல்லாம் கல்லூரியில் ஆரம்பித்த மின்னஞ்சல் முகவரிகளைத் தாய்மாமனுக்குக்கூட அனுப்பாதீர்கள்.

கையெழுத்தும் அப்படித்தான். திரும்பப் போடக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மயில் தோகை விரித்தாற்போல் ஒரு கையெழுத்தைப் பழகிவிட்டு, அதை இரண்டாம் முறை போட முடியாமல் காசோலை திரும்பியவர்களை மாதம் நான்கு பேராவது பார்த்திருக்கிறேன்.

பேச்சு

"மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்கிறார்கள் மாமா, வாய் வரவில்லை" என்றான் மருமகன். அந்த அலுவலகத்து வழக்கம் எதுவோ அதுவே சரி. எல்லோரும் பெயர் சொன்னால் நீயும் சொல், தமிழில் பேசும்போது "நீங்கள்" மட்டும் கூடவே இருக்கட்டும் என்றேன். அரசு அலுவலகத்திலும் வங்கியிலும் சார், மேடம் இன்னும் அப்படியே இருக்கிறது. உடன் வேலை பார்க்கும் பெண்ணை அவராகச் சொல்லும்வரை அக்கா, தங்கச்சி, "மா" என்று உறவு கொண்டாட வேண்டாம். பெயரும் "நீங்கள்" என்பதும் போதும்.

ஒருவரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள நினைத்தால், அவர் மேலாளரிடம் பேசுவதைக் கவனிக்க மாட்டேன். அது எல்லோருக்கும் நன்றாகவே வரும். தேநீர் கொண்டுவருகிறவரிடமும் வாசல் காவலரிடமும் "நீ" என்கிறாரா, "நீங்கள்" என்கிறாரா என்று பார்ப்பேன். அந்தக் காவலருக்கு உங்கள் அப்பா வயது இருக்கும். கட்டடம் முழுக்க யார் எப்படி என்று தெரிந்தவரும் அவர்தான்.

வீடியோ கூட்டத்துக்கு வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் நிழல் பொம்மைதான் தெரியும். மிக்ஸி ஓடும் நேரத்தை வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூங்கொத்துகள் வேண்டாம். குரல் செய்தி அனுப்புவதை விட எழுதி அனுப்புங்கள், மூன்று நிமிடக் குரல் செய்தியைக் கேட்பவருக்கு அந்த மூன்று நிமிடம் போய்விடுகிறது.

இனி, நான் செய்த தவறு. வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டு ஆகியிருக்கும். சட்டை, ஷூ, தலைவாரல் எல்லாம் கச்சிதம், அந்தப் பெருமையும் எனக்கு உண்டு. நகைக்கடன் விஷயமாக ஒரு விவசாயி வந்தார். வேலை நெருக்கடி, "நாளைக்கு வாருங்கள்" என்றேன். வந்தார். ஒரு காகிதம் குறைகிறது என்று மறுபடியும் "நாளைக்கு வாருங்கள்". வந்தார். அன்று மேலாளர் விடுப்பு. "நாளைக்கு..." என்று தொடங்கினேன். அவர் கோபப்படவே இல்லை. கவுண்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எந்த நாளைக்கு?" என்று மட்டும் கேட்டார். தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து மூன்று நாளும் வேலையைப் போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தவர். அவர் சட்டையில் இரண்டு பட்டன்கள் இல்லை. என் சட்டையில் எல்லாம் இருந்தன.

மறுநாள் ஒரு சின்ன நோட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். அன்றிலிருந்து யாரிடமும் "நாளை" என்று சொன்னதில்லை. "வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள், இந்த இரண்டு காகிதங்களைக் கொண்டு வாருங்கள், நான் இல்லாவிட்டால் அடுத்த மேசையில் கேளுங்கள்" என்று சொல்லி, அதை நோட்டில் எழுதுவேன். எழுதுவதை எதிரில் இருப்பவர் பார்க்கும்படி எழுதுவேன். சொன்ன நாளில் முடியாது என்று தெரிந்தால் அவர் கிளம்பும் முன்பே தகவல் போய்ச் சேர வேண்டும். உங்கள் வேலையில் விவசாயிக்குப் பதிலாக வாடிக்கையாளரோ மேலாளரோ இருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். முடியாத தேதிக்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "வெள்ளிக்குள் முடியாது, திங்கள் மாலை தருகிறேன்" என்று அப்போதே சொல்லுங்கள். கேட்கும்போது முகம் சுருங்கும், திங்கள் மாலை கையில் கிடைத்ததும் மறந்துவிடும்.

நவம்பர் மாதம் ஓய்வூதியர்கள், உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்று கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அந்த மாதத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம், பெரியவர்கள் மேசைக்கு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நாற்காலியைக் காட்டச் சொல்வேன். ஒரு பையன் நன்றாக உடுத்துவான், போனைக் கீழே வைக்க மாட்டான். இன்னொரு பையனுக்கு இருந்ததே இரண்டு சட்டைகள், மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டு வருவான். பெரியவர்கள் இவன் மேசை முன்னால் வரிசை நீண்டாலும் அங்கேயே நின்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் மூன்று புதுச் சட்டைகளோடு வீட்டுக்கு வந்தான். தோள் சரியாக இருந்தது. பட்டன்களைத் தைத்துத் தருமாறு கேட்டான். எனக்கு இப்போது ஊசிக் காது தெரிவதில்லை, அவன்தான் நூல் கோத்துக் கொடுத்தான். இரண்டு சட்டைகளை நான் முடித்தேன். மூன்றாவதை அவனிடமே கொடுத்தேன். முதல் பட்டனுக்கே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு, பெருமையாக நீட்டினான். முடிச்சு வெளிப்பக்கம் இருந்தது. வெட்டிவிட்டு மறுபடியும் தைக்கச் சொன்னேன்.